மூடாமல் விட்ட ஐந்து குழிகள்

பெசன்ட் நகர், சென்னை
மே மாதம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதும் மடல். நானும் அம்மாவும் இங்கு நலமாக இருக்கிறோம். உன் நலமும் மாப்பிள்ளையின் நலமும் அறிய ஆவல்.

சென்ற வாரம் நீ அனுப்பிய காணொளியை நாங்கள் மூன்று முறை பார்த்தோம். புதிதாக வாங்கிய மெட்டல் டிடெக்டரை ஒரு கையிலும் மணல் அள்ளும் துளைக் கரண்டியை மறு கையிலும் பிடித்தபடி, புளோரிடாவின் மெல்பர்ன் பீச் கரையில் கண்டெடுத்த மோதிரத்தை நீ காட்டியபோது, பத்து வயதில் கிளிஞ்சல் பொறுக்கி வந்து காட்டிய அதே முகத்தைப் பார்த்தேன். முதல் இரண்டு முறையும் எங்கள் கண் மோதிரத்திலேயே இருந்தது. மூன்றாம் முறைதான் உனக்குப் பின்னால், மணல்மேட்டை ஒட்டிக் கிடந்த குழிகள் கண்ணில் பட்டன. காணொளியை நிறுத்தி எண்ணினேன். ஐந்து குழிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் தோண்டிப் போட்ட மணல் குவிந்தபடியே கிடந்தது. தொலைபேசியில் சொன்னால் "சரிப்பா" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாய் என்பதால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன்னிடம் நான் இதுவரை சொல்லாத ஒன்றை முதலில் சொல்கிறேன். சென்னை மாணவர்கள் 1988-இல் தொடங்கி இன்றுவரை நடத்திவரும் ஆமை நடையில் நானும் சில ஆண்டுகள் கலந்துகொண்டேன் அல்லவா? நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் இரவில் நடந்து, பங்குனி ஆமை இட்ட முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் சேர்ப்பது வழக்கம். எவ்வளவு கவனமாகத் தேடினாலும் ஒன்றிரண்டு கூடுகள் கண்ணில் படாமல் தப்பிவிடும். நீ பிளஸ் டூ தேர்வு எழுதிக்கொண்டிருந்த மார்ச் மாதத்தில் ஒரு விடியற்காலையில், அப்படித் தப்பிய ஒரு கூடு தானாகப் பொரிந்து, குஞ்சுகளின் சின்னஞ்சிறு துடுப்புத் தடங்கள் கடலை நோக்கிக் கோடு கோடாகப் போயிருப்பதைக் கண்டோம். அந்தக் கோடுகளில் பல, பாதி வழியிலேயே நின்றுபோயிருந்தன. முந்தைய மாலை யாரோ விளையாட்டாகத் தோண்டிவிட்டுப் போன, முழங்கால் ஆழமுள்ள ஒரு குழி அங்கே இருந்தது. குனிந்து கைவிட்டேன். தீப்பெட்டியைவிடச் சிறிய பதினொரு குஞ்சுகள் உள்ளே கிடந்தன. ஏறும்போதெல்லாம் காய்ந்த மணல் சரிந்து அவற்றை மீண்டும் கீழே தள்ளியிருக்கிறது. ஏழு அசைந்தன. மற்ற நான்கையும் இரவிலேயே நண்டு தின்றிருந்தது. ஈர மணலில் இறக்கிவிட்ட ஏழும் அலையைத் தொடும்வரை நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். தேர்வுக்குப் போகும் பிள்ளையிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று அன்று விட்டுவிட்டேன்.

நீ இப்போது வாழும் இடம் ஆமைகளுக்கு எவ்வளவு முக்கியமானது என்பதை எண்ணும்போது அந்தக் குழிதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. மெல்பர்ன் பீச்சிலிருந்து தெற்கே வபாசோ பீச் வரை ஏறத்தாழ 20 மைல் நீளமுள்ள கரையில், ஆமைகளுக்காகவே 1991-இல் ஆர்ச்சி கார் தேசிய வனவுயிர்ப் புகலிடத்தை உருவாக்கினார்கள். பெருந்தலை ஆமைகள் உலகிலேயே மிக அதிகமாக முட்டையிடும் கரைகளுள் அதுவும் ஒன்று; பேராமையும் ஏழுவரி ஆமையும்கூட அங்கே கரையேறுகின்றன. உங்கள் பகுதியில் மார்ச் 1 முதல் அக்டோபர் 31 வரை முட்டையிடும் பருவமாகக் கணக்கிடுகிறார்கள். நீ அந்தக் காணொளியை எடுத்த நாள் இந்தப் பருவத்தின் நடுவே வருகிறது. ஒரு கூட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகள் இருக்கும். அவை பொரிய ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள தாய் ஆமையே குழியில் சிக்கித் திரும்ப முடியாமல் தவிப்பதுண்டு என்றால் குஞ்சுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

மரக்குச்சிகள் நட்டு நாடா கட்டி அடையாளமிட்ட கூடுகளை நீ விலகித்தான் போவாய், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எல்லாக் கூடுகளையும் அடையாளமிடுவதில்லை. வெறும் மணல் என்று எண்ணிக் கரண்டியை இறக்கும் இடத்தில் முட்டைகள் இருக்கக்கூடும். ஆகையால் இந்தப் பருவம் முழுவதும் மேட்டுப் பக்கம் போகாமல், அலை வந்து நனைத்துப் போகும் ஈர மணலில் மட்டும் தேடு. கடல் வற்றியிருக்கும் நேரம்தான் அதற்கு உகந்தது. அங்கே ஆமை கூடு கட்டுவதுமில்லை. இரவில் விளக்கோடு போகாதே. காலையிலும், ஆமைத் தடங்களைக் கணக்கெடுப்பவர்கள் தங்கள் வேலையை முடிக்கும் முன் மணல்மேட்டுப் பக்கம் நடந்து தடத்தை அழித்துவிடாதே. அந்தத் தடம் ஒன்றை வைத்துத்தான் அவர்கள் கூட்டையே கண்டுபிடிக்கிறார்கள்.

மணல்மேட்டில் எந்த மாதத்திலும் தோண்டக் கூடாது. நம் கரையில் ராவணன் மீசைப் புல்லும் அடப்பங்கொடியும் செய்யும் வேலையை அங்கே சீ ஓட்ஸ் என்னும் உயரமான புல் செய்கிறது. அதன் வேர்தான் மேட்டைப் பிடித்து நிறுத்துகிறது. அதைப் பிடுங்குவது புளோரிடாவில் சட்டப்படி குற்றம். ஒரு பழைய நாணயத்துக்காக அந்த வேரை வெட்டினால், அடுத்த புயலில் அந்த இடத்தில்தான் மேடு உடையும்.

இனி, தோண்டும் முறையைப் பற்றி. கருவி ஒலித்தவுடன் தோண்டத் தொடங்கிவிடுகிறாய் என்று காணொளியிலிருந்து தெரிகிறது. சற்றுப் பொறு. ஒலி வந்த இடத்தின் மேல் கருவியின் அடியிலுள்ள வட்டுச் சுருளை முதலில் இடமிருந்து வலமாக ஓட்டு. பிறகு நீ தொண்ணூறு பாகை திரும்பி நின்று மறுபடியும் ஓட்டினால், இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளியில் பொருள் இருக்கும். இந்த அரை நிமிடப் பொறுமையில் குழி பாதியாகக் குறைந்துவிடும். கரண்டியை அந்தப் புள்ளிக்குச் சற்றுப் பின்னால் சாய்வாக இறக்கினால் பொருளில் கீறல் விழாது. அள்ளிய மணல் முழுவதையும் ஒரே பக்கமாகக் கொட்டு. பொருள் கிடைத்த பின் குழியையும் குவியலையும் மறுபடி ஒரு முறை கருவியால் பார். ஒரே இடத்தில் இரண்டு மூன்று பொருள்கள் சேர்ந்து கிடப்பது கடற்கரையில் வழக்கம்தான். அதன் பிறகு மணலைத் தள்ளி மூடிவிட்டு, காலால் நன்றாக மிதி. மிதிப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தளர்வாக மூடிய குழி கண்ணுக்குச் சமமாகத் தெரியும். காலையில் ஓடுபவரின் கணுக்கால் அதில் புதைந்து பிசகும். வெளியே தெரியும் குழியைவிட அது கெடுதலானது என்பது என் எண்ணம். இருபது அடி தள்ளி அடுத்த ஒலி கேட்டாலும், கையிலிருக்கும் குழியை மூடாமல் அங்கே போகாதே.

ஆழமாகப் போவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒலி கேட்டுக்கொண்டே இருக்கிறது, பொருள் கிடைக்கவில்லை என்று இடுப்பளவு, மார்பளவு தோண்டிக்கொண்டே போகிறவர்கள் இருக்கிறார்கள். மணல் துகள்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது அவற்றுக்கிடையே உள்ள ஈரம் மட்டுமே. வெயிலில் அது காய்ந்ததும் குழியின் சுவர் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் சரிந்துவிடும். 2007-இல் அமெரிக்க மருத்துவர்கள் ஒரு மருத்துவ இதழில், ஏறத்தாழ பத்தாண்டுகளில் இப்படி மணற்குழி சரிந்த 52 நிகழ்வுகளையும், அவற்றில் 31 பேர் இறந்ததையும் பதிவு செய்தார்கள். 2024 பிப்ரவரியில் உன் மாநிலத்திலேயே, லாடர்டேல்-பை-த-சீ கரையில், அண்ணனோடு சேர்ந்து குழி தோண்டி விளையாடிய 7 வயதுச் சிறுமி மணல் சரிந்து இறந்தாள். நீ தோண்டி விட்டுப்போகும் குழியை அடுத்து வரும் குழந்தைகள் இன்னும் ஆழமாக்குவார்கள். பாதி தோண்டிய குழியைக் கண்டால் எந்தக் குழந்தை சும்மா போகும்? ஆகவே முழங்கால் ஆழத்துக்கு மேல் போக வேண்டியிருந்தால், கிடைக்காமல் போனாலும் பரவாயில்லை, மூடிவிட்டு வந்துவிடு. குழிக்குள் தலையையும் தோளையும் விட்டுத் துழாவும் வேலை வேண்டவே வேண்டாம்.

தோண்டுவதில் பத்துக்கு எட்டுக் குப்பையாகத்தான் இருக்கும் என்று நீயே சொன்னாய். சோடா மூடி, கேன் திறக்கும் வளையம், ஈயக்குண்டு, துருப்பிடித்த தூண்டில் முள். இவற்றை மீண்டும் குழியில் போட்டு மூடாதே, மணல் மேலேயும் விட்டுவிட்டு வராதே. மேலே இழுத்துப் போட்ட தூண்டில் முள், மண்ணுக்குள் இருந்ததைவிட மோசமாக யாரோ ஒருவரின் காலில் ஏறும். இடுப்பில் இரண்டு பைகள் கட்டிக்கொள், ஒன்று குப்பைக்கு. கையுறை இல்லாமல் துழாவாதே. டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை ஆண்டு ஆகிறது என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

எங்கே தேடலாம், எங்கே கூடாது என்பதை ஒவ்வொரு கரைக்கும் தனித்தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள். உனக்கு வடக்கே இருக்கும் கனாவரல் தேசியக் கடற்கரை தேசியப் பூங்காத் துறையின் நிலம். அங்கே இந்தக் கருவியைப் பயன்படுத்துவது தடைசெய்யப்பட்டது. ஆர்ச்சி கார் புகலிடத்துக்கும் தடை உண்டு. கரை தொடர்ச்சியாகத்தான் தெரியும், எல்லை மணலில் தெரியாது. பலகையைப் பார்த்துவிட்டுக் கால் வை.

உன் ஆசை வெறும் சில்லறை மீது இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஹவானாவிலிருந்து வெள்ளியும் பொன்னும் ஏற்றிக்கொண்டு புறப்பட்ட ஸ்பானியக் கப்பல்களில் பதினொன்று, 1715 ஜூலை 30 இரவும் 31 அதிகாலையும் அடித்த சூறாவளியில் அந்தக் கரையோரம் உடைந்தன; ஏறத்தாழ ஆயிரம் பேர் மாண்டார்கள். புயல் மணலை அரித்துப்போகும் நாள்களில் இன்றும் அந்தக் கப்பல்களின் ரியால் என்னும் ஸ்பானிய வெள்ளி நாணயங்கள் கரை ஒதுங்குகின்றன. கிப் வாக்னர் என்னும் கட்டட ஒப்பந்தக்காரர் ராணுவம் கழித்துவிட்ட கண்ணிவெடி காட்டும் கருவியோடு அதே கரையில் நடந்து நாணயங்களைக் கண்டெடுத்ததிலிருந்துதான் அந்தக் கப்பல்களின் தேடலே சூடுபிடித்தது. ஆனால் கரை வேறு, கடலடி வேறு. நீருக்குள் கிடக்கும் கப்பல்களுக்கு நீதிமன்றம் மீட்பு உரிமை வழங்கியிருக்கிறது. அரசு நிலத்தில் கிடைக்கும் தொல்பொருள் அரசுக்கு உரியது. செபாஸ்டியன் இன்லெட் பூங்காவில் உள்ள மெக்லார்ட்டி அருங்காட்சியகம், கப்பலிலிருந்து தப்பிப் பிழைத்தவர்கள் முகாமிட்டிருந்த இடத்திலேயே இருக்கிறது. ஒரு விடுமுறை நாளில் இருவரும் போய்ப் பாருங்கள். பழைய காசு ஒன்று கிடைத்தால் தேய்க்காமல், கழுவாமல், எந்த இடத்தில் எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்று குறித்துக்கொண்டு அங்கே கேள்.

இப்போது அந்த மோதிரத்துக்கு வருகிறேன். உள்பக்கம் இரண்டு எழுத்துகளும் ஒரு தேதியும் பொறித்திருக்கின்றன என்றாய். அது ஒருவருடைய கல்யாண மோதிரம். கண்டெடுத்த பொருளைக் காவல்துறையிடம் தெரிவிக்க வேண்டும் என்பது புளோரிடாச் சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் நீ அதைச் செய்திருக்க வேண்டும் என்றுதான் சொல்வேன்.

உனக்கு நினைவிருக்காது, மூன்று வயது. மெரினாவில் உன்னைத் தூக்கிக்கொண்டு நின்றபோது அம்மாவின் ஒரு தோடு திருகாணி கழன்று மணலில் விழுந்துவிட்டது. உன் பாட்டி போட்ட தோடு அது. இருட்டும்வரை கையால் துழாவினோம். மறுநாள் காலை அங்கே சல்லடையோடு மணல் சலித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் சொன்னோம். நாங்கள் நின்றிருந்த இடத்தைச் சுற்றிக் குச்சியால் வட்டம் போட்டு, ஒரு முழம் ஒரு முழமாகச் சலித்தார். ஒவ்வொரு முழமும் முடிந்ததும் உள்ளங்காலால் மணலை இழுத்துச் சமன் செய்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனார். இரண்டு மணி நேரம் கழித்துத் தோடு சல்லடையில் நின்றது. பணம் கொடுத்தபோது, தேநீருக்கு மட்டும் வாங்கிக்கொண்டார். அவர் சலித்த இடத்தைத் திரும்பிப் பார்த்தேன். எங்கே தோண்டினார் என்று எனக்குத் தெரியவில்லை.

மோதிரத்தை ஒப்படைத்த செய்தியை எழுது. அடுத்த காணொளியில், பொருளைக் காட்டிய பிறகு கேமராவைக் கீழே திருப்பி, அது கிடைத்த இடத்தை எனக்குக் காட்டு.

அன்புடன்,
அப்பா