எந்த எண்ணை நம்புவது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பேரலைகள் கடல் தடுப்புச் சுவரில் மோதுவதைக் கம்ப்யூட்டரிலேயே நடத்திப் பார்க்கிறார்கள் என்று சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் பிரமாதம். ஆனால் சுவரில் விழும் அழுத்தம் இவ்வளவு என்று ஒரே ஓர் எண்ணைப் போட்டு முடித்துவிட்டீர்கள். அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

கடலை விட்டுத் தள்ளி, செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கடலைப் பற்றி என்ன என்று கேட்கலாம். காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் புகுந்ததால்தான் நம் நகரத்தார் இந்த வறண்ட சீமைக்கு வந்தார்கள், அந்தப் பயத்தில்தான் வீட்டை இவ்வளவு உயரமாகத் தூக்கிக் கட்டினார்கள் என்று எங்கள் ஆயா சொல்வார்கள். முழங்கால் வலியோடு படி ஏறும்போதெல்லாம் அது நினைவுக்கு வரும். அது கிடக்கட்டும். நான் கட்டுமான மேற்பார்வையாளராக இருந்தவன். ஒரு மீனவ ஊரில், அலையைத் தடுக்கப் பெரிய கற்களை அடுக்கி நேர்கல் சுவர் போடும் வேலையில் மூன்று வருஷம் நின்றிருக்கிறேன்.

கோடை விடுமுறைக்கு வந்திருக்கும் என் மகள் வயிற்றுப் பேரன் இந்தக் கணக்கைத்தான் படிக்கிறான். தண்ணீரைத் துகள் துகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பக்கத்துத் துகள்கள் எப்படித் தள்ளுகின்றன என்று கணக்கிடும் முறை. 1977இல் விண்மீன்களைப் பற்றிய ஆய்வுக்காக வந்தது. அலை மடிந்து உடைந்து தெறிக்கும்போது கட்டம் போட்டுக் கணக்கிடும் முறைகள் திணறும். துகளுக்கு அந்தத் தொல்லை குறைவு.

முதல் ராத்திரி 4 சென்டிமீட்டர் துகளில் போட்டான். வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், மேசைமேல் லேப்டாப்பை ஓடவிட்டுப் படுத்தோம். அதன் ஃபேன் சத்தத்தில் எனக்குத் தூக்கமே இல்லை. காலையில் பார்த்தால் அலை சுவரில் மோதி எழும்பி விழுகிறது, மொத்தமே 10 வினாடி. அப்புறம் துகளை 2 சென்டிமீட்டராக்கினான். “ஐயா, பாதியாக்கினால் வேலை இரண்டு மடங்கு இல்லை. நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இரட்டிப்பதால் துகள் 8 மடங்கு. நேரத்தையும் பாதிப் பாதியாக நறுக்கணும். ஆக 16 மடங்கு” என்றான். ஐந்து நாள் ஓடியது. சுவரின் ஒரு புள்ளியில் வந்த உச்ச அழுத்தம் முதல் தடவையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு! அதே அலை, அதே சுவர்.

எதை நம்பிச் சுவர் கட்டுவது என்று கேட்டேன். அவன் இன்னொரு வரைகோட்டைக் காட்டினான். அழுத்தத்தை அது நீடித்த நேரத்தோடு சேர்த்துக் கூட்டினால், இரண்டு தடவையும் கிட்டத்தட்ட ஒரே அளவு. பாலைவன மணலை ஆராய்ந்த பாக்னால்ட் 1939லேயே தொட்டியில் அலைகளை மோதவிட்டு இதைக் கண்டு சொல்லியிருக்கிறாராம். உச்ச அழுத்தம் தடவைக்குத் தடவை மாறும்; நேரத்தோடு சேர்த்த கூட்டுத்தொகை அவ்வளவு மாறாது. அலை சுவரில் அறைவது கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். அலைக்கும் சுவருக்கும் நடுவே எவ்வளவு காற்று மாட்டிக்கொண்டது என்பதைப் பொறுத்து உச்ச அழுத்தம் கூடும், குறையும். பேரனின் கணக்கில் காற்றே கிடையாது, தண்ணீர் மட்டும்தான். பலரும் அப்படித்தான் போடுகிறார்களாம்.

நீங்கள் வெளியிட்ட கணக்கில் காற்று இருந்ததா? துகள் அளவு என்ன? சென்னை ஐஐடியிலும் புனேயில் உள்ள மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையத்திலும் அலையை மோதவிட்டுப் பார்க்கும் வசதி இருக்கிறது. அப்படி எங்காவது ஒப்பிட்டுப் பார்த்தார்களா?

இன்னொன்றும் உண்டு. நான் பார்த்த சுவர் அலை அறைந்து விழவில்லை. மேல்வரிசைக் கல் ஒவ்வொன்றும் ஒரு டன்னுக்கு மேல், இடம் மாறவே இல்லை. சுவரின் காலடியில் மணல் அரித்துக்கொண்டே போனது. அங்கிருந்த பெரியவர் ஒருவர் தண்ணீரில் இறங்கி நின்று காட்டினார்: போன மாதம் இடுப்பளவு, இப்போது நெஞ்சளவு. மேலதிகாரிகளுக்கு எழுதினோம். வரைபடத்தில் உள்ள ஆழம்தான் கணக்கு என்று பதில் வந்தது. ஐப்பசி முடிவதற்குள் பத்து மீட்டர் நீளத்துக்குச் சுவர் அப்படியே உட்கார்ந்துவிட்டது. பேரனின் கணக்கிலும் கடல் தரை எங்கள் வீட்டுத் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் மாதிரி ஆடாமல் அசையாமல் கிடக்கிறது. கேட்டால், மணலையும் சேர்த்துக் கணக்கிடலாம், ஆனால் அது தனிப் படிப்பு என்கிறான்.

அடுத்த முறை இப்படி ஓர் எண்ணைப் போடும்போது, துகளைப் பாதியாக்கியதும் அது எவ்வளவு மாறியது, கடலின் ஆழத்தை எந்த வருஷம் அளந்தார்கள் என்று இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள்.

1 சென்டிமீட்டரில் போட்டுப் பார்க்கட்டுமா ஐயா என்று நேற்று கேட்டான். ஐந்தைப் பதினாறால் பெருக்கிப் பார்த்தேன், 80 நாள். அவன் காலேஜ் ஜூனில் திறக்கிறது.

— ஓய்வுபெற்ற கட்டுமான மேற்பார்வையாளர், கானாடுகாத்தான்