காட்சி ஊடகவியலாளர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை – 2024

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறைக் கரையோரத்திலிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

கடந்த ஆண்டு நமக்கு ஓய்வே தரவில்லை. செப்டெம்பர் 21இல் ஜனாதிபதித் தேர்தல், நவம்பர் 14இல் பாராளுமன்றத் தேர்தல், அது முடிந்து மூச்சு விடுவதற்குள் வெள்ளம், டிசம்பர் 26இல் சுனாமியின் இருபதாம் ஆண்டு நினைவு. நிர்வாகக் குழுக் கூட்டங்கள் தேர்தல் காலம் தவிர மற்றபடி ஒழுங்காக நடந்தன. மே 31இல் ஊடகவியலாளர் ஐயாத்துரை நடேசன் அவர்களை நினைவுகூர்ந்தோம். 2004இல் இதே மட்டக்களப்பு நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இருபது ஆண்டுகளாகியும் அவருக்கு நீதி கிடைக்கவில்லை என்பதை இந்த அறிக்கையிலும் பதிவு செய்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஆகவே என் நேரத்தைப் படத்தொகுப்புப் பயிற்சிக்கும் 2004 சுனாமியின்போது எடுத்த டேப்களுக்கும் எடுத்துக்கொள்கிறேன்.

நம்மில் பெரும்பாலானோர் செய்திக்கு வெட்டிப் பழகியவர்கள். ஒன்றரை நிமிடம், மேலே வாசிப்புக் குரல், நடுவில் ஒரு பைட், அதாவது சிறு பேட்டித் துண்டு, அவ்வளவுதான். மாலைச் செய்திக்கு முன் கொழும்புக்கு அனுப்ப வேண்டியவர்களுக்கு அந்தக் கைவேகம் தேவை. ஆனால் அதே கையோடு ஆவணப்படத்தில் உட்கார்ந்தால், கதை யாருடையதோ அந்த மனிதர் காணாமல் போகிறார். அவர் படுவான்கரைக் கிராமத்துப் பேச்சில் சொன்னதை நாம் ரேடியோத் தமிழில் திருப்பிச் சொல்கிறோம். அவர் வாய் மட்டும் சத்தமில்லாமல் அசைகிறது. பேசியவரின் குரல் நம் குரலுக்கு முன்னால் நிற்க வேண்டும் என்பதே இந்த ஆண்டுப் பயிற்சி முழுவதற்கும் அடிப்படையாக இருந்தது.

அதனால் கணினியில் துண்டுகளை அடுக்கும் டைம்லைனில் முதலில் சத்தத்தை மட்டும் அடுக்கப் பழகினோம். படத்தைப் பார்க்காமல், பேச்சையும் இடத்தின் ஓசையையும் கேட்டுக் கதையை ஒழுங்குபடுத்துவது, அப்புறம்தான் காட்சி. அடுத்த இடத்தின் சத்தத்தைப் படத்துக்கு முன்பே உள்ளே விடுகிற ஜே கட்டும், பேச்சை அடுத்த காட்சியின் மேல் நீள விடுகிற எல் கட்டும் அப்படிச் செய்யும்போது தாமாகவே வந்து அமர்ந்தன. இதற்கெல்லாம் மூலப் பதிவில் சத்தம் இருக்க வேண்டும். பேட்டி முடிந்ததும் எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொல்லி, அந்த இடத்தின் வெறும் ஓசையை அரை நிமிடமாவது பதியுங்கள். வெட்டிய இடங்களை ஒட்டுவதற்கு அதைவிட நல்ல பசை இல்லை.

கைத்தொலைபேசியில் எடுப்பவர்களுக்கு ஒரு விடயம். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், டியூப் லைட் அதன் தாளத்துக்கே துடிக்கிறது. பெரும்பாலான போன்கள் செக்கனுக்கு 30 பிரேமில் வருகின்றன. அதனால்தான் டியூப் லைட்டின் கீழ் எடுத்த படத்தில் கோடுகள் ஓடுகின்றன. 25 பிரேம், ஷட்டர் செக்கனில் 50இல் ஒன்று என்று வைத்துக்கொண்டால் பிரச்சினை தீரும்.

நீண்ட விவாதம் நடந்தது முகங்களைப் பற்றித்தான். ஒரே முகத்தை வெவ்வேறு காட்சிகளுக்குப் பக்கத்தில் வைத்தால், பார்ப்பவருக்கு அந்த முகத்தில் வெவ்வேறு உணர்ச்சி தெரியும் என்று ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் நூறு ஆண்டுகளுக்கு முன்பே காட்டினார். கதைப் படத்தில் அது கலை. நம் வேலையில் அது பொய்யாகிவிடலாம். மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் நடத்திய போராட்டத்தில் எடுத்த பதிவுகளை வைத்து இதைச் செய்து பார்த்தோம். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிய ஒரு முதியவரின் முகத்தை அதிகாரி ஒருவரின் பேச்சுக்குப் பின்னால் வைத்ததும், அவர் கோபமாக இருப்பதாகவே அறையில் இருந்தவர்கள் சொன்னார்கள். அந்த முதியவர் அந்தப் பேச்சைக் கேட்கவே இல்லை. அன்று ஒருமனதாக முடிவெடுத்தோம்: கேட்பவரின் முகம் அந்தப் பேச்சு நடந்த நேரத்திலேயே எடுத்ததாக இருக்க வேண்டும்; வேறு நாள் காட்சியைச் சேர்த்தால் திகதி போட வேண்டும்.

நவம்பர் 26இல் காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் உழவு இயந்திரம் வெள்ளத்தில் கவிழ்ந்து மத்ரஸா மாணவர்கள் உயிரிழந்தபோது நம் உறுப்பினர்களும் களத்தில் நின்றார்கள். பிள்ளைகளின் உடல்களை நெருங்கி எடுக்காமல், தேடுதலையும் வெள்ளத்தின் வேகத்தையும் காத்து நின்ற ஊரையும் தூரத்திலிருந்து பதிந்தார்கள். அந்தப் பதிவுகளுக்கு இசை போடவில்லை. அவர்களுக்குச் சங்கத்தின் நன்றி.

இனி டேப்கள். 2004இல் நம் மூத்த ஒளிப்பதிவாளர்கள் பலர் மினி டிவி (MiniDV) கேசட்டில் எடுத்தார்கள். இருபது ஆண்டுகள் கடலோரக் காற்றில், அலுமாரிக்குள் இருந்தவை அவை. சிலவற்றில் பூஞ்சணம் பிடித்திருந்தது. ஓட்டினால் டேப்பை வாசிக்கும் கருவியின் ஹெட் கெட்டுவிடும் என்பதால் அவற்றைத் தனியே எடுத்து வைத்தோம். ஒரு மணி நேர டேப்பைக் கணினிக்கு மாற்ற ஒரு மணி நேரம் முழுதாக ஓட வேண்டும். சுமார் 13 ஜிபி இடம் பிடிக்கும். டேப் கருவியை இணைக்கும் பழைய ஃபயர்வயர் துளை உள்ள லப்டொப் ஒன்றைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. மாற்றியவற்றை இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில், இரண்டு வெவ்வேறு வீடுகளில் வைத்திருக்கிறோம். ஒரு வேண்டுகோள்: அந்தப் படங்கள் 4:3 அளவானவை. இன்றைய அகலத் திரைக்கு இழுத்து நிரப்பாதீர்கள். இறந்தவர்களின் முகங்களும் அதில் இருக்கின்றன, அவை உப்பிப் போகின்றன. பக்கங்களில் கறுப்பு இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்த டேப்களில் ஒன்றில் கடலோர நாவலடியைச் சேர்ந்த தாய் ஒருவர் முகாம் வாசலில் இருந்து பேசுகிறார். பாதியில் நிறுத்திவிட்டு சேலைத் தலைப்பை மடிக்கிறார், விரிக்கிறார், மறுபடி மடிக்கிறார். பின்னால் யாரோ கூடாரத்துக்கு ஆப்பு அடிக்கும் சத்தம். ஒளிப்பதிவாளர் கமெராவை நிறுத்தாமல் அந்தக் கைகளிலேயே நின்றிருக்கிறார். அன்று செய்தியில் அந்தத் தாயின் பேச்சு முடிந்த இடத்திலேயே வெட்டு விழுந்தது. நினைவு நாளுக்கு நாம் செய்த குறும்படத்தில் வாசிப்புக் குரலை எடுத்துவிட்டு, அந்த இடத்தை முழுதாக விட்டோம். வெளியிடுவதற்கு முன் அந்த அம்மாவைத் தேடிப் போய்ப் போட்டுக் காட்டினோம். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெயர் வரும் வரியை மட்டும் எடுக்கச் சொன்னார். எடுத்துவிட்டோம். இருபது ஆண்டுக்கு முன் கொடுத்த சம்மதம் இன்றைக்கும் செல்லும் என்று நாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய பதிவைத் தொடும் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும் என்று இந்தச் சபை தீர்மானம் எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வரும் ஆண்டில் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்து உறுப்பினர்களிடம் உள்ள டேப்களை எடுக்க இருக்கிறோம். வீட்டில் கேசட் வைத்திருப்பவர்கள் அதை ஓட்டிப் பார்க்காமல் அப்படியே கொண்டுவாருங்கள். உறையில் எடுத்த இடம், திகதி, எடுத்தவர் பெயர் மூன்றையும் எழுதுங்கள். கூட்டம் முடிந்ததும் பதிவுப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கும்.

செயலாளர்
மட்டக்களப்பு