அக்டோபர் 2-க்கு 640 சுற்று நூல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காந்தி ஜெயந்திக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. பள்ளிகளில் பேச்சுப் போட்டிக்கும் மாறுவேடப் போட்டிக்கும் பெயர் எழுதத் தொடங்கியிருப்பார்கள். சில தலைமையாசிரியர்கள் அக்கறையோடு தக்ளியும் (அடியில் வட்டு கோத்த சிறு கம்பி; அதைச் சுழற்றி நூல் நூற்பார்கள்) வாங்கி வைக்கிறார்கள். அன்று காலையில் அதைப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் பத்து நிமிடத்தில் நூல் அறுந்து, பஞ்சு உருண்டு, தக்ளி மறுபடி பீரோவுக்குப் போய்விடுகிறது. இந்தக் காலத்துக்கு இது ஒத்துவராது என்று விட்டுவிடுகிறார்கள். தவறு காலத்தில் இல்லை, பெரும்பாலும் பஞ்சில்தான் இருக்கிறது. அதைச் சரிசெய்ய முடியும் என்பதால் இதை எழுதுகிறோம்.

முதலில், நூற்பு எதற்கு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும். எதிரியை அடிக்காமல் இருப்பது மட்டும் காந்திக்கு அகிம்சை அல்ல. ஒருவர் உழைப்பை இன்னொருவர் உறிஞ்சி வாழ்வதும் அவர் கணக்கில் இம்சைதான். 1921 செப்டம்பர் 22-இல் மதுரையில் அவர் அரையாடைக்கு மாறியதும் இதனால்தான். கதர் கிடைக்கவில்லை, வாங்கக் கட்டுபடியாகவில்லை என்று மக்கள் சொன்னபோது, குறைத்து உடுத்துங்கள் என்று ஊருக்குச் சொன்னதைத் தன் உடம்பிலேயே செய்துகாட்டினார்.

1924 டிசம்பரில் பெல்காமில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்கு அவர் தலைமை வகித்தார். உறுப்பினர் சந்தா காசாக அல்ல, நூலாக இருக்க வேண்டும் என்று ஏற்பாடானது: மாதம் 2,000 கெஜம். வக்கீலும் ஜமீன்தாரும் கூலிக்காரரும் ஒரே வேலையைச் செய்ய வேண்டும் என்பது அதன் உள்ளர்த்தம். ஆனால் நூற்க விரும்பாதவர் பிறர் நூற்றதைக் கொடுக்கலாம் என்றும் ஒரு வழி விட்டிருந்தார்கள். அந்த வழியாகவே ஏற்பாடு ஒழுகிப்போனது. விலைக்கு வாங்கிய நூல் சந்தாவாக வந்தது. 1925 செப்டம்பரில் பாட்னாவில், நாலணா அல்லது நூல் என்று மாற்ற வேண்டியதாயிற்று. இன்று கடையில் நூல் மாலை வாங்கிச் சிலைக்குப் போடும்போது நாமும் அந்த வழியில்தான் போகிறோம்.

எதிர்க்கருத்தையும் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது. எல்லோரையும் ஒரே வேலையில் உட்காரவைப்பது மனதை மந்தமாக்கும் என்று தாகூர் 1925-இல் வெளிப்படையாகவே எழுதினார். கணக்கும் போட்டுப் பார்க்கலாம். ஓர் அடிக்கு ஓர் அடி துணி, அங்குலத்துக்கு 40 இழை என்றால், பாவுக்கு (நீளவாக்கு இழை) 480 அடி, ஊடைக்கு (குறுக்கு இழை) 480 அடி, ஆக 960 அடி நூல் வேண்டும். ஆண்டுச் சந்தாவான 24,000 கெஜத்தில், அதாவது 72,000 அடியில், 75 சதுர அடி துணிதான் வரும். எட்டு முழ வேட்டி சுமார் ஒன்றரை தேறும், அவ்வளவுதான். விவசாயிக்கு ஆண்டில் நான்கு மாதமாவது வேலை இல்லை, அந்தச் சும்மா இருக்கும் நேரத்துக்குத்தான் ராட்டை என்பது காந்தியின் வாதம். இரண்டு பக்கத்தையும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் விவாதிக்கட்டும். நூற்றுப் பார்த்துவிட்டு விவாதித்தால் இன்னும் நல்லது.

இனிப் பஞ்சுக்கு வருவோம். அவசரத்தில் மருந்துக்கடைப் பஞ்சை வாங்கிவிடுகிறார்கள். அது வெள்ளையாக அழகாக இருக்கும், ஆனால் நூற்க உதவாது. நீரை உறிஞ்ச வேண்டும் என்பதற்காக அதன் இயற்கையான மெழுகை எடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் ஆலையில் கழிந்த குட்டை இழையில் செய்தது வேறு. இழுத்தால் வழுக்கி வராமல் கொத்துக் கொத்தாகப் பிய்ந்துவரும். தலையணையின் இலவம் பஞ்சு அதைவிட மோசம். பருத்தி இழையில் இயற்கையாகவே ஒரு திருகல் உண்டு, அதுதான் ஒன்றையொன்று கவ்விப் பிடிக்கிறது. இலவ இழை மழமழவென்று நேராக இருப்பதால் எவ்வளவு முறுக்கினாலும் பிடிக்காது. கதர் நிலையங்களிலோ நூற்பாலையிலோ சிக்கெடுத்த பருத்திப் பஞ்சைக் கேட்டு வாங்க வேண்டும். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்புக்குப் பழகுவதற்கும் சேர்த்து அரைக் கிலோ தாராளம். அதைப் பென்சில் மேல் தளர்வாகச் சுற்றி உருவினால் ஒரு சாண் நீளத்துக்கு விரல் தடிமனில் திரி கிடைக்கும். திரியை வியர்த்த கையால் இறுக்கிப் பிடிக்கக் கூடாது. பிடித்தால் பஞ்சு அடைந்துபோய் நூல் இறங்காது. வகுப்பில் மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். சொன்னால் சிறிய விஷயம், ஆனால் பாதி அறுப்பு அதனால்தான்.

தக்ளியின் கம்பி நேராக இருக்கிறதா என்று முதலில் சுழற்றிப் பார்க்க வேண்டும். தலை ஆடினால் நூல் ஒரே சீராக வராது. வட்டுக்கு மேலே ஒரு முழம் பழைய நூலைக் கட்டி, நுனிக் கொக்கியில் மாட்டி, அதன் மறுமுனையைத் திரியின் வாயில் வைத்துச் சுழற்ற வேண்டும். வலது கை சுழற்றும், இடது கை திரியைப் பிடித்து மெல்ல மேலே போகும். எப்போதும் ஒரே பக்கமாகவே சுழற்ற வேண்டும். பிள்ளைகள் பாதியில் திசை மாற்றிவிடுகிறார்கள், முறுக்கு பிரிந்து தக்ளி தொப்பென்று விழுகிறது. கை எட்டும் அளவுக்கு நூல் வந்ததும் இன்னும் நாலைந்து சுழற்சி கொடுத்துவிட்டு, கொக்கியிலிருந்து எடுத்து, வட்டை ஒட்டிக் கூம்பு போலச் சுற்ற வேண்டும்.

முறுக்கு போதுமா என்று பார்க்க, நூலைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். லேசாக ஒரு வளையம் விழுந்தால் சரி. துவண்டு தொங்கினால் போதவில்லை. சுருள் சுருளாக முண்டிக்கொண்டு நின்றால் அதிகம். நூலின் நம்பரையும், அதாவது அது எவ்வளவு மெல்லியது என்ற அளவையும், பிள்ளைகளே கண்டுபிடிக்கலாம். 100 மீட்டர் நூல் 5 கிராம் இருந்தால் அது ஏறத்தாழ 12-ஆம் நம்பர். அறிவியல் ஆய்வகத் தராசே போதும். 1937-இல் வார்தாவில் உருவான ஆதாரக் கல்வித் திட்டத்தில் கைத்தொழில் வழியாகவே கணக்கும் அறிவியலும் கற்பிப்பது என்றது இந்த வேலையைத்தான். தக்ளியை மட்டும் தனியே பிரித்து, ஆண்டுக்கு ஒரு நாள் காட்டும் பொருளாக்கிவிட்டது நம் குறை.

இலக்கு இதுவாக இருக்கட்டும்: ஒரு வகுப்புக்கு ஒரு சிட்டம் (சுற்றிக் கட்டிய நூல் கட்டு). காந்தி வழி நடக்கும் சர்வோதய இயக்கத்தார் நூல் காணிக்கை செலுத்தும் பழைய அளவு 640 சுற்று, சுற்றுக்கு 4 அடி. ஒரு பலகையில் இரண்டு ஆணியை 2 அடி இடைவெளியில் அடித்தால் சுற்றும் சட்டம் தயார். நாற்பது பிள்ளைகள், ஆளுக்கு 16 சுற்று, அதாவது 64 அடி. முதல் இரண்டு வாரம் நூல் அறுந்துகொண்டேதான் இருக்கும். வாரத்துக்கு இரண்டு பிரிவேளை கொடுத்தால் ஐந்தாவது வாரத்தில் 64 அடி என்பது எந்தப் பிள்ளைக்கும் பெரிய அளவல்ல. கால் ஊனமுற்ற பிள்ளையும் உட்கார்ந்தபடி செய்யலாம். ஆசிரியர்களும் நூற்க வேண்டும். அவர்களுக்கும் அதே 16 சுற்று.

அந்தச் சிட்டத்தைத் தயவுசெய்து சிலைக்கு மாலையாகப் போட வேண்டாம். வெயிலிலும் மழையிலும் கிடந்து மறுநாள் குப்பைக்குப் போகும். கைத்தறி நெசவாளர் ஒருவரிடம் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். பழகாத கையின் நூல் பாவுக்குத் தாங்காது, தறியில் ஏற்றினால் அறுந்துகொண்டே இருக்கும், நெசவாளரின் நாள் கூலி போய்விடும். ஆகவே பாவுக்கு ராட்டை நூலைக் கதர் சங்கத்தில் வாங்கிக் கொடுத்து, பிள்ளைகளின் நூலை ஊடைக்கு மட்டும் போடச் சொல்ல வேண்டும். ஒரு சிட்டத்தில் ஓரடிச் சதுரக் கைக்குட்டை ஐந்துக்கு ஊடை வரும். நெசவுக் கூலியை அவர் கேட்டபடி கொடுக்க வேண்டும், பேரம் வேண்டாம்.

பள்ளிக் கல்வித் துறை இதற்கென்று சுற்றறிக்கை அனுப்பிக் கட்டாயமாக்க வேண்டாம். பெல்காமில் நடந்ததே மறுபடி நடக்கும். விரும்பும் பள்ளிகளுக்கு வாரம் இரண்டு பிரிவேளையும் அரைக் கிலோ பஞ்சும் கிடைக்க வழி செய்தால் போதும்.

இப்படிக்கு,
நூற்புப் பயிற்றுநர்கள் சிலர்,
திண்டுக்கல் மாவட்டம்