மூன்றரை மணி நேரத்தில் மகளுக்கு மட்டும் இடமில்லை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு வலி குறைந்து மறுபடி நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்பதில் சந்தோஷம், மகளுக்கு வேலை கிடைத்ததில் அதைவிடச் சந்தோஷம். இங்கே எல்லாரும் நலம். கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இனி படம் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னதும் நான் உட்கார்ந்தது நீ தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும், ஸ்கோர்செஸி இயக்கிய 'தி ஐரிஷ்மேன்' படத்தின் முன்னால்தான். கோபித்துக்கொள்ளாதே, எனக்குப் பெரிய ஏமாற்றம்.

209 நிமிடம் என்பது குறையில்லை. அவருடைய 'கசினோ'கூடக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம்தான், அதில் ஒரு தடவையாவது மணி பார்த்தோமா? ஸ்கோர்செஸி, மாஃபியாவுக்காகக் கொலை செய்யும் ஃபிராங்க் ஷீரனாக டி நிரோ, மாஃபியா தலைவராக ஓய்விலிருந்து இழுத்து வரப்பட்ட ஜோ பெஸ்கி, லாரி டிரைவர் சங்கத் தலைவர் ஹோஃபாவாக ஸ்கோர்செஸி படத்தில் முதன்முறையாக அல் பசினோ, இத்தனை பேர் சேர்ந்தும் பாதிப் படம் யார் யாருக்குக் கப்பம் கட்டினார்கள், எந்தச் சங்கத் தேர்தலில் யார் கவிழ்ந்தார்கள் என்ற கணக்கு வழக்கிலேயே போகிறதே.

அப்புறம் வயதான நடிகர்களை இளமையாகக் காட்டும் அந்த வித்தை. கணினியில் முகச்சுருக்கத்தை அழித்துவிட்டார்கள், சரி. உடம்பை என்ன செய்வது? மகளைப் பிடித்துத் தள்ளிய மளிகைக் கடைக்காரனைத் தெருவுக்கு இழுத்துப் போட்டு டி நிரோ மிதிக்கிறாரே, அந்த இடத்தைத் திரும்ப ஒருமுறை பார். ஓங்கும் காலில் வேகமில்லை, இடுப்பு திரும்பவில்லை. நாற்பதுகூட ஆகாத, போருக்குப் போய் வந்த லாரி டிரைவர் எழுபது தாண்டிய மனிதர் மாதிரி நிதானம் பார்த்துப் பார்த்து மிதிக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயம் வர வேண்டிய இடம் அது. ஏனென்றால் பக்கத்தில் நின்று அதைப் பார்ப்பது அந்தச் சின்னப் பெண் பெக்கி.

அந்தப் பெக்கியிடம்தான் என் மனக்குறையே. கடைசி அரை மணி நேரம் கிழவர் தனியாகக் கிடக்கிறார், மகள் முகம் கொடுக்க மாட்டேன் என்கிறாள், நமக்கு நெஞ்சு அடைக்க வேண்டும். ஆனால் அவளை நமக்கு எங்கே காட்டினார்கள்? வளர்ந்த பெக்கியாக வரும் அன்னா பாக்வின் முறைக்கிறார், மறுபடி முறைக்கிறார். ஹோஃபா காணாமல் போன பிறகு, அவர் மனைவி ஜோவுக்கு ஏன் இன்னும் போன் செய்யவில்லை என்று அப்பாவைக் கேட்கிறாளே, அதை விட்டால் அவளுக்கு வாயே கிடையாது. அந்த மௌனம்தான் தீர்ப்பு என்று நீ சொல்வாய். ஆளைத் தெரிந்தால்தானே அவள் பேசாதது உறைக்கும்? சங்கத் தகராறுகளில் இருபது நிமிடத்தை வெட்டி அவளுக்குக் கொடுத்திருக்கலாம்.

இன்னொன்று. ஹோஃபா 1975 ஜூலையில் காணாமல் போனவர், உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. நான்தான் சுட்டேன் என்று ஃபிராங்க் ஷீரன் சொன்னது அவர் இறந்த பிறகு 2004இல் புத்தகமாக வந்தது, பலர் அதை நம்பவும் இல்லை. சாகப்போகும் ஒரு கிழவர் தன்னைப் பெரிய ஆளாக்கிக்கொள்ள அடித்துவிட்ட கதையோ என்று ஒரு சின்னச் சந்தேகத்தைத் தூவியிருந்தால் படமே வேறு மாதிரி ஆகியிருக்கும். ஸ்கோர்செஸி அப்படியே நம்பி எடுத்திருக்கிறார்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அந்தக் கொலை நாளைப் பற்றிப் பேசாமல் விட்டால் பாவம். பெஸ்கி குரலை உயர்த்தாமல் காலைச் சாப்பாட்டு மேசையில் ஹோஃபாவைக் கொல்லும் முடிவைச் சொல்வது, காருக்குள் ஒரு மீனைப் பற்றி நடக்கும் அபத்தமான விசாரணை, ஆளில்லாத வீட்டில் ஹோஃபா நிலைமை புரிந்து திரும்பும் அந்த ஒரு நொடி. பின்னணி இசை இல்லை, அவசரம் இல்லை, எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. அதற்குப் பிறகு ஜோவிடம் போனில் டி நிரோ திக்கித் திணறுவாரே, அவர் நடித்ததிலேயே சிறந்த இடங்களில் அது ஒன்று. இப்படி எடுக்கத் தெரிந்த மனிதர் மற்ற இடங்களில் ஏன் இவ்வளவு மெத்தனம் என்பதுதான் என் ஆத்திரம்.

பத்து ஆஸ்கர் பரிந்துரை, ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்று அன்றைக்கு நீ புலம்பினாய் அல்லவா, பெஸ்கிக்காவது கொடுத்திருக்கலாம், அதில் நான் உன் பக்கம்.

நீ என்ன பதில் சொல்லப்போகிறாய் என்று தெரியும், இருந்தாலும் விரிவாக எழுது. பெக்கியைப் பற்றி மட்டும் மழுப்பாமல் சொல். மகளுக்கு என் ஆசிகள்.

அன்புடன்,
உன் பழைய சண்டைக்காரன்