பெரிய மீனை மட்டும் பிடித்தால் போதாது

ஆசிரியருக்கு வணக்கம். அமெரிக்காவின் இல்லினாய்ஸ் ஆற்றில் பெருகிக் கிடக்கும் வெள்ளிக் கெண்டை பற்றிப் பேச்சு வந்தாலே, ‘பிடித்துச் சாப்பிட்டால் தீர்ந்தது’ என்கிறார்கள். அவ்வளவு சுலபமில்லை. 1970-களில் குளத்து நீரைச் சுத்தமாக்கக் கொண்டுவந்த மீன், தப்பித்து மிசிசிப்பி ஆற்றுக்குள் போய்விட்டது. படகு மோட்டார் சத்தம் கேட்டால் தலை உயரத்துக்குத் துள்ளி ஆள்மேலேயே விழும். நன்கு வளர்ந்த ஒரு பெண் மீன் பத்து லட்சத்துக்கும் மேல் முட்டையிடக்கூடும். விலை போகிறதே என்று பெரிய மீன்களை மட்டும் வலையில் அள்ளினால், மிச்சமிருக்கும் குஞ்சுகளுக்கு இரை தாராளமாகக் கிடைக்கும், வேகமாக வளரும், அப்புறம் முட்டையிடும் பருவத்தில் ஆற்றில் நல்ல வெள்ளம் வந்தால் போதும், குறைந்துபோன எண்ணிக்கை பழையபடி ஏறிவிடும். சின்னதையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும், ஆற்றின் கீழ்ப்பகுதியிலிருந்து ஏறி வருவதையும் தடுக்க வேண்டும்.

2022-ல் இல்லினாய்ஸ் மாநிலம் இதற்கும் இதன் உறவு மீன்களுக்கும் ‘கோப்பி’ என்று புதுப் பெயர் வைத்தது, சாப்பிட ஆள் சேர்க்கத்தான். நல்ல முயற்சி. ஆனால் இதை நம்பியே ஒரு தொழில் வளர்ந்துவிட்டால், மீனை ஒழிக்க யார் சம்மதிப்பார்கள் என்பதுதான் என் பயம். இந்த மீனைப் பிடிப்பதற்கு மானியம் கொடுப்பவர்கள் எடையை மட்டும் பார்க்காமல் சின்ன மீனுக்கும் காசு கொடுக்கட்டும்.