கோரிக்கை மனு: கல்லீரல் வீக்கத்தின் காரணத்தை எங்கள் ஊரிலேயே கண்டறிய வசதி வேண்டும்

அனுப்புநர்: தமிழ்க் குடும்பங்களின் சார்பில், பெகு வட்டாரக் கிராமவாசி ஒருவர்
பெறுநர்: சுகாதார அதிகாரி அவர்கள், பெகு, மியன்மார்

மதிப்பிற்குரிய ஐயா,

நெல் வயலை நம்பித் தலைமுறைகளாக இங்கே குடியிருப்பவர்கள் நாங்கள். பர்மிய மொழிபெயர்ப்பும் இத்துடன் உள்ளது.

என் அண்ணனுக்கு வலது விலாவுக்குக் கீழே கனம், சோறு இறங்கவில்லை. வயிற்றை அழுத்திப் பார்த்த ஊர் வைத்தியர், "ஈரல் வீங்கியிருக்கு, குடியை நிறுத்து" என்று டானிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அண்ணன் கள்ளைக்கூடத் தொட்டதில்லை. ஊரில் குடிகாரன் என்ற பேர் வந்ததுதான் மிச்சம். எட்டு மாதம் கழித்து யாங்கோனில் ரத்தம் எடுத்தபோதுதான் ஈரலைத் தாக்கும் வைரஸ் நோயான ஹெபடைடிஸ் பி என்று தெரிந்தது. பக்கத்து வீட்டுச் சின்னம்மாவுக்கும் அதே டானிக்தான். அவருக்கோ இதயம் பலவீனமாகி, ரத்தம் தேங்கி ஈரல் பெருத்திருந்தது. கால் வீங்கியிருந்ததை யாரும் கேட்கவே இல்லை.

வைரஸ், மது, சர்க்கரை நோயோடு சேரும் கொழுப்பு, மலேரியா, அமீபாவால் வரும் சீழ்க்கட்டி, புற்றுநோய் என்று எதனாலும் ஈரல் பெருக்கலாம். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ள பிள்ளைகளுக்கு மண்ணீரலும் சேர்ந்து பெருக்கும். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. கையால் அழுத்திப் பார்த்துப் பிரித்தறிய முடியாது.

2015இல் நாடு முழுவதும் எடுத்த ஆய்வில் நூற்றுக்கு 6.5 பேருக்கு ஹெபடைடிஸ் பி இருந்ததைத் தாங்கள் அறிவீர்கள். குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் இதற்கான ஊசி சேர்ந்ததே 2003இல்தான். அதற்கு முன் பிறந்த எங்களில் பெரும்பாலோர் ஊசி போடாதவர்கள்.

ஆகவே, கிராம சுகாதார நிலையத்தில் ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை வேண்டும். மாதம் ஒரு நாளாவது ஸ்கேன் கருவி வந்துபோக வேண்டும். வீட்டில் பிரசவமாகும் குழந்தைக்கும் 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி முதல் தடுப்பூசி கிடைக்க மருத்துவச்சியிடம் மருந்து இருக்க வேண்டும். ஒரே ஊசியைப் பலருக்குப் போடும் கைவைத்தியர்களையும் தாங்கள்தான் கண்டிக்க வேண்டும். நாங்கள் சொன்னால் பகைதான் வரும்.

இன்னொன்று, பரிசோதனை முடிவை அவரவரிடம் மட்டும் தனியாகச் சொல்லச் செய்யுங்கள். பெண் கேட்டு வந்தவர்கள் நோயின் பேரைக் கேட்டதும் திரும்பிப் போன வீடு எங்கள் தெருவிலேயே இருக்கிறது.

அறிவிப்பு பர்மிய மொழியில் இருந்தால் போதும், இளையவர்கள் படித்துவிடுவார்கள். பாட்டிமார்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்ல ஆள் தருகிறோம். ஸ்கேன் வைக்க இடமில்லையென்றால் கோயில் மண்டபத்தைத் திறந்து தருகிறோம். மின்சாரம் நின்றால் ஜெனரேட்டரும் உண்டு.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கிராமத் தமிழ்க் குடும்பங்கள்