அப்பாவின் தப்பொலி: அண்ணனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

நாளை அப்பாவின் திதி. அப்பா தப்புப் பறை அடித்த, ரதி மதன் கதையாடும் காமன் கூத்தின் ஒலிப்பதிவை நாளைக்கே வெளியிடுகிறேன். உங்களைக் கேட்காமல் முடிவெடுத்ததற்கு மன்னியுங்கள். கேட்டிருந்தால் வேண்டாம் என்பீர்கள், அதனால்தான் கேட்கவில்லை.

கம்ப்ரஸர் போட்டு அப்பாவின் அடியை நசுக்கிவிட்டேன் என்று சொந்தக்காரர்களிடம் சொன்னீர்களாம். கம்ப்ரஸரை நான் தொடவே இல்லை. ஒலி ஒரு வரம்பைத் தாண்டினால்தான் கம்ப்ரஸர் அதை அமுக்கும்; அப்பா ஓங்கி அடித்த இடமெல்லாம் அடங்கிப்போகும். நான் எடுத்தது, 1998இல் ஜெர்மனியின் எஸ்.பி.எல். நிறுவனம் கொண்டுவந்த ட்ரான்ஸியன்ட் டிசைனர் என்ற ஒலிப்பெட்டியின் வழிவந்த மென்பொருள். அந்தப் பெட்டியில் ஒரு தடத்துக்கு இரண்டே குமிழ்கள்: அட்டாக், சஸ்டெய்ன். குச்சி தோலில் படுகிற கணத்தை அட்டாக் 15 டெசிபல் வரை கூட்டும், குறைக்கும். பின்னால் நீளும் கார்வையை சஸ்டெய்ன் 24 டெசிபல் வரை. மெல்லிய அடியா, பலத்த அடியா என்று அது பார்ப்பதில்லை. ஒலி எழும் வேகமும் அடங்கும் விதமும்தான் அதற்குக் கணக்கு.

அந்த இரவு பனியில் தோல் நமத்து, தப்பு 'தொம் தொம்' என்று சோம்பியது நினைவிருக்கிறதா? ரதியையும் மதனையும் அப்படியே நிற்கவைத்துவிட்டு அப்பா தேயிலை மிலாறுச் சுள்ளி எரிந்த நெருப்புக்குப் போனார். தப்பை நீங்கள்தான் பிடித்திருந்தீர்கள். அனலில் ஒரு சுற்று, நகத்தால் ஒரு சுண்டு, காதை அருகே வைத்துக் கேட்டுவிட்டு மறுபடி அனல். புகை தாங்காமல் நீங்கள் முகத்தைத் திருப்பியபோது, "இன்னும் கொஞ்சம்டா" என்று உங்கள் தோளைத் தட்டினார். அடுத்து விழுந்த சிம்புக்குச்சி அடியில் கடைசி லயத்து வீட்டு நாய் எழுந்து குரைத்தது. அன்றைக்கு அப்பா நெருப்பால் கூட்டியதும் அட்டாக்தான். அடியில் கை வைத்துவிட்டார் என்று அவரை யாரும் சொல்லவில்லை. தோளில் அந்தத் தட்டு எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சஸ்டெய்னை ஏற்றியபோது அடிகளுக்கு நடுவே கிடந்ததெல்லாம் மேலே வந்தது: கூட்டத்தின் இருமல், ஒரு குழந்தையின் சிணுங்கல், பிறகு உங்கள் குரல். யாரிடம், எதைப் பற்றிப் பேசினீர்கள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை, தோட்டமே படிக்கும். அந்த இடத்தில் மட்டும் குமிழை நன்றாக இறக்கிவிட்டேன். அங்கே தப்பு சற்று மொட்டையாகக் கேட்கும். கார்வை எங்கே என்று என்னைக் கேட்காதீர்கள்.

கொழும்பில் உட்கார்ந்துகொண்டு தப்பைப் பற்றிப் பேசுகிறான் என்பீர்கள். பேசுவேன். அப்பாவின் குச்சிகள் உங்களிடம் இருக்கின்றன. நீங்கள் அடிப்பதுமில்லை, கொடுப்பதுமில்லை.

சின்னம்மாவிடம் பென்டிரைவ் கொடுத்தனுப்பியிருக்கிறேன். கேட்டுவிட்டுத் திட்டுங்கள். கைபேசி ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். தப்பின் அடிக்குரல் அதில் வராது, அந்தப் பழியும் என் மேல்தான் விழும்.

உங்கள் தம்பி